கேஷுவாலிட்டில அந்த சிஸ்டர் ஏன் அப்படி செஞ்சாங்க? எமர்ஜென்சி நர்ஸிங்ல வர்ற இக்கட்டுகள், ஒரு விளக்கம்

கொஞ்ச நாளைக்கு ஒருதடவ இப்படி ஒரு வீடியோ சுத்தும். ராத்திரி நேரம், ஏதோ ஒரு ஆஸ்பத்திரி கேஷுவாலிட்டி, ஸ்ட்ரெச்சர்ல ஒருத்தர் தலையில ரத்தத்தோட படுத்திருப்பாரு, கூட வந்தவரு ஃபோனத் தூக்கிப் பிடிச்சு "அரை மணி நேரமா கத்துறோம், இந்தம்மா எட்டிக்கூட பாக்கல பாருங்க"ன்னு பேசிட்டே போவாரு, பின்னாடி ஒரு நர்ஸ் வேற பெட்டுக்கு வேகமா நடந்து போறது தெரியும். பாக்குறவங்கள்ல பாதி பேரு சஸ்பெண்ட் பண்ணுன்னுவாங்க, மீதி பேரு ஆள் பத்தலப்பா பாவம்னுவாங்க. அவங்க எந்த பெட்டுக்குப் போனாங்க, அங்க யாரு படுத்திருந்தாங்கன்னு மட்டும் வீடியோல இருக்காது. விஷயமே அங்கதான் இருக்கு.

இந்தக் கட்டுரைல பாக்கப்போறது அந்த மாதிரி இடங்களத்தான். ரெண்டு சரியான விஷயம் ஒண்ணுக்கொண்ணு முட்டும், யோசிக்க ஒரு நிமிஷம்கூட கிடைக்காது, முடிவ எடுக்குற அதிகாரம் டாக்டர்கிட்டயோ சட்டத்துகிட்டயோ இருக்கும், ஆனா கை மட்டும் நர்ஸோட கை. இன்னொண்ணும் சொல்லணும், இதுல எல்லாமே நிஜமான தர்மசங்கடம் இல்ல, பாதி வெறும் ஆள் பற்றாக்குறை, அதுக்கு மனசாட்சின்னு பேரு வச்சு நர்ஸ் தலையில கட்டிடுறாங்க. எது எதுன்னு பிரிச்சுப் பாக்கலாம்.

மொதல்ல அடிப்படை: வரிசை யாரு போடுறது?

ரேஷன் கடைல முன்னாடி வந்தவருக்கு முன்னாடி. கேஷுவாலிட்டில அப்படி கிடையாது. இங்க நடக்குறதுக்குப் பேரு ட்ரையாஜ், அதாவது வந்தவங்கள்ல யாருக்கு இப்பவே கை வைக்கலன்னா உயிர் போயிடும், யாரு கொஞ்சம் பொறுக்கலாம்னு தரம் பிரிக்கிறது. நெப்போலியன் படைல சர்ஜனா இருந்த லாரேங்கிறவருதான் இத ஒரு முறையா கொண்டு வந்தாருன்னு சொல்லுவாங்க, ஆபீசரா சிப்பாயான்னு பாக்காம காயத்த மட்டும் பாத்து எடுத்தாரு. தமிழ்நாட்டுல அரசு ஆஸ்பத்திரிகள்ல 'டேய்' (TAEI)ங்கிற விபத்து அவசர சிகிச்சைத் திட்டத்துல சிவப்பு, மஞ்சள், பச்சைன்னு மூணு கலர்ல பிரிக்கிறாங்க. சிவப்பு உடனே, மஞ்சள் கொஞ்ச நேரத்துல, பச்சை காத்திருக்கலாம்.

கேக்க சுலபமா இருக்குல்ல? ராத்திரி ரெண்டு மணிக்கு மூணு பேரு ஒண்ணா உள்ள வர்றாங்கன்னு வச்சுக்குவோம்.

ஒருத்தரு குடிச்சிட்டு பைக்ல விழுந்தவரு, நெத்தி கிழிஞ்சு சட்டையெல்லாம் ரத்தம், கூட எட்டு பேரு, கத்தல். அடுத்தவரு ஐம்பது வயசு, தானே நடந்து வந்து ஓரமா பெஞ்சுல உக்காந்துட்டாரு, "கேஸ் மாதிரி இருக்குமா, ஒரு ஊசி போட்டா போயிடும்"ங்கிறாரு, ஆனா ஃபேனுக்குக் கீழ உக்காந்தும் வேர்த்து ஊத்துது. மூணாவது, அம்மா தோள்ல ஒரு ஒன்றரை வயசுக் குழந்தை, ரெண்டு நாளா பேதி, அழவே இல்ல.

அனுபவப்பட்ட நர்ஸ் மொதல்ல போறது குழந்தைகிட்ட. அழாத குழந்தைதான் பயம். அடுத்து பெஞ்சுல இருக்கவருக்கு, மாரடைப்பான்னு பாக்க ஈசிஜி. கத்துறவரு மூணாவது, ஏன்னா கத்துறாருன்னா மூச்சு ஒழுங்கா போகுதுன்னு அர்த்தம், நெத்திக் காயத்துல ரத்தம் நெறைய வரும், பாக்க பயங்கரமா இருக்கும், ஒரு பேட வச்சு அழுத்திக் கட்டிட்டா பெரும்பாலும் நேரம் கொடுக்கும். இப்ப வீடியோ எடுக்குறவரு யாரோட ஆளு? அந்தக் கத்துறவரோட ஆளு. சில நேரம் அவருக்கும் உள்ளுக்குள்ள மூளைல ரத்தம் கசியலாம், அதனால போதைலதான் உளர்றாருன்னு ஒதுக்கிடவும் முடியாது, பதினஞ்சு நிமிஷத்துக்கு ஒருதடவ போயி கண்மணியப் பாத்து எழுதணும். ஒரே நர்ஸ் இருந்தா இந்தப் பதினஞ்சு நிமிஷம் நாப்பதாகும். இது இக்கட்டு இல்ல, ரெண்டாவது நர்ஸ போடாத கணக்கு.

நிஜமான இக்கட்டு வேற மாதிரி வரும். குடிச்சிட்டு கார் ஓட்டுனவனும் அவன் இடிச்ச ஆளும் ஒரே ஆம்புலன்ஸ்ல வந்து, இடிச்சவனுக்குத்தான் காயம் மோசம்னா? விதிப்படி அவனுக்குத்தான் முதல் கை. தப்புக்கு தண்டனை கோர்ட்டு வேலை, கேஷுவாலிட்டில தண்டனை கிடையாது. இடிபட்டவரோட அண்ணன் பக்கத்துல நின்னு இதப் பாத்துட்டு இருக்கும்போது அதச் செய்யுறது எப்படின்னு எந்த புக்கும் சொல்லித் தர்றதில்ல.

2021 மே மாசம் சென்னை ராஜீவ் காந்தி அரசு பொது மருத்துவமனை வாசல்ல ஆம்புலன்ஸ் வரிசையா நின்னது ஞாபகம் இருக்கும். அப்ப யாருக்கு ஆக்சிஜன் பெட்டுங்கிற கேள்வி நாடு பூரா கேஷுவாலிட்டி வாசல்ல நின்னுச்சு, பல இடத்துல அதுக்கு எழுதிவச்ச விதிகூட இல்ல.

சட்டம் என்ன சொல்லுது: சிகிச்சை முதல்ல, பேப்பர் அப்புறம்

இதுல குழப்பமே வேணாம். 1989-ல பர்மானந்த் கட்டாரா வழக்குல சுப்ரீம் கோர்ட் சொல்லிடுச்சு. ஒரு ஸ்கூட்டர்காரர கார் இடிச்சிருச்சு, பக்கத்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனா "இது போலீஸ் கேஸ், நாங்க எடுக்க முடியாது"ன்னு இருபது கிலோமீட்டர் தள்ளி இருக்க வேற ஆஸ்பத்திரிக்கு அனுப்பிட்டாங்க, வழிலயே செத்துட்டாரு. அரசோ தனியாரோ, எந்த டாக்டரா இருந்தாலும் உயிரக் காப்பாத்துறதுதான் முதல் கடமை, போலீஸ் நடைமுறை குறுக்க வரக்கூடாதுன்னு தீர்ப்பு. 1996-ல இன்னொண்ணு: மேற்கு வங்கத்துல ரயில்ல இருந்து விழுந்த ஒரு விவசாயத் தொழிலாளிய அரசு ஆஸ்பத்திரி ஒவ்வொண்ணும் பெட் இல்லன்னு திருப்பி அனுப்புச்சு, கடைசில தனியார்ல காசு கட்டி பாத்தாரு. அரசு அவருக்கு 25,000 ரூபா கொடுக்கணும்னு கோர்ட் சொல்லுச்சு, அவசர சிகிச்சை கொடுக்காதது வாழும் உரிமைய மீறுறதுன்னும் சொல்லுச்சு. தமிழ்நாட்டுல 2021 டிசம்பர்ல இருந்து 'இன்னுயிர் காப்போம் - நம்மைக் காக்கும் 48' திட்டம் இருக்கு, சாலை விபத்துல அடிபட்டவங்களுக்கு முதல் 48 மணி நேரம், பட்டியல்ல இருக்க ஆஸ்பத்திரில, காசு கேக்காம பாக்கணும்.

அப்போ எங்க சிக்கல்? சட்டம் "பாரு"ன்னு சொல்லுது, யாரு யாருக்கு முன்னாடின்னு சொல்லல. அப்புறம், தனியார் ஆஸ்பத்திரில "அட்வான்ஸ் கட்டுனாங்களான்னு கேட்டுட்டு ட்ரிப்ஸ் லைன் போடுங்க சிஸ்டர்"ன்னு பில்லிங் கவுன்டர்ல இருந்து ஃபோன் வந்தா, தீர்ப்ப படிச்சுக் காட்டுற நிலமைல மாசச் சம்பளத்துக்கு இருக்க ஒரு நர்ஸ் இல்ல. நெறைய பேரு என்ன செய்யுறாங்கன்னா, ஃபோன வச்சுட்டு லைனப் போட்டுடுவாங்க, காலைல திட்டு வாங்கிப்பாங்க.

வேணாம்னு சொல்றவங்க

சிகிச்சைக்கு நோயாளியோட சம்மதம் வேணும். எமர்ஜென்சில இது நாலு வகைல வரும்.

1. நினைவே இல்ல, கூட யாரும் இல்ல. ரோட்டுல கெடந்தவர 108 கொண்டு வந்து விடுது, கேஸ் ஷீட்ல பேரு இடத்துல 'அன்னோன்'. இங்க சம்மதத்துக்குக் காத்திருக்க வேணாம், நல்லெண்ணத்தோட அவரு நன்மைக்காக செய்யுறது குற்றமில்லன்னு பாரதிய நியாய சன்ஹிதா 30-வது பிரிவு சொல்லுது, பழைய ஐபிசில 92. சுலபமான கேஸ் இதுதான்.

2. நோயாளி தெளிவா இருக்காங்க, ஆனா வீட்டுக்காரர் கையெழுத்துக்காக எல்லாரும் காத்திருக்காங்க. நம்ம ஊர்ல இது அன்றாடம். வயசு வந்த, புத்தி தெளிவா இருக்க ஒருத்தருக்கு இன்னொருத்தர் சம்மதம் செல்லாது. சமீரா கோலி வழக்குல, 2008, நோயாளி மயக்கத்துல இருக்கும்போது வெளிய நின்ன அம்மாகிட்ட கேட்டுட்டு கர்ப்பப்பைய எடுத்துட்டாங்க, அம்மா சொன்னது சம்மதம் ஆகாதுன்னு சுப்ரீம் கோர்ட் சொல்லுச்சு, உயிருக்கு உடனடி ஆபத்துன்னா மட்டும்தான் விதிவிலக்கு. ஆனாலும் "அவரு வரட்டும்"னு அந்தப் பொண்ணே சொல்லும்போது, வயித்துக்குள்ள ரத்தம் கசிஞ்சிட்டு இருக்கும்போது, "உங்க உடம்பும்மா, நீங்க போடுங்க கையெழுத்து"ன்னு பேசி வாங்குறது நர்ஸோட வேலையா ஆயிடுது.

3. சாகணும்னு பூச்சி மருந்தக் குடிச்சிட்டு வந்தவரு, "என்ன விடுங்க, நான் போறேன்"னு ட்யூபப் பிடுங்குறாரு. இங்க அவரு மறுப்ப சாதாரண மறுப்பா எடுத்துக்கிறது இல்ல. 2017 மனநலச் சட்டம், 115-வது பிரிவு, தற்கொலைக்கு முயன்றவர் கடுமையான மன அழுத்தத்துல இருந்தாருன்னுதான் எடுத்துக்கணும், வழக்குப் போட்டு தண்டிக்கக் கூடாதுன்னு சொல்லுது, அவருக்கு சிகிச்சை கொடுக்க வேண்டியது அரசோட கடமைன்னும் சொல்லுது. ஆக, பிடிச்சு வச்சாவது காப்பாத்தணும். நாலு பேரு கைகால அமுக்கிப் பிடிச்சு மூக்குல ட்யூப் விடும்போது அந்த ஆளு கண்ணு நேரா நர்ஸத்தான் பாக்கும். சட்டப்படி சரி, மருத்துவப்படியும் சரி. அப்பவும் "இதுக்குத்தான் இந்த வேலையெல்லாம் பண்ணக்கூடாது"ன்னு யாராவது பக்கத்துல இருந்து திட்டுறது சில வார்டுல இன்னும் நடக்குது, அது இக்கட்டும் இல்ல ஒண்ணும் இல்ல, அப்பட்டமான தப்பு.

4. காசு இல்லாம "வீட்டுக்குக் கூட்டிட்டுப் போறோம்"ங்கிறவங்க. மருத்துவ ஆலோசனைக்கு எதிரா போறோம்னு ஒரு கையெழுத்து, ஆஸ்பத்திரிக்கு அது போதும். அது சம்மதமா, இல்ல வேற வழியில்லாததான்னு கையெழுத்து வாங்குற சிஸ்டருக்கு நல்லா தெரியும்.

போலீஸுக்குப் போற விஷயம், போகாத விஷயம்

விபத்து, அடிதடி, விஷம், தீக்காயம், இதெல்லாம் ஆக்சிடென்ட் ரிஜிஸ்டர்ல ஏறும், சுருக்கமா ஏஆர். போலீஸுக்குத் தகவல் போகும். "ஏஆர் போடாதீங்க சிஸ்டர், குடும்ப மானம் போயிடும்"னு கெஞ்சாத குடும்பம் கம்மி. இதுல நர்ஸுக்கு முடிவெடுக்க எடமே இல்ல, போட்டுத்தான் ஆகணும், போடலன்னா நாளைக்கு அவங்களுக்கே பிரச்சனை.

கஷ்டமான கேஸ் எதுன்னா, பதினேழு வயசுப் பொண்ணு, ரத்தப்போக்கோட வருது, கர்ப்பம்னு தெரியுது, "வெளிய தெரிஞ்சா நாங்க தூக்குலதான் தொங்கணும்"னு அம்மா காலப் பிடிக்கிறாங்க. பதினெட்டு வயசுக்குக் கீழ இருக்கவங்கள பாலியல் குற்றத்துல இருந்து காக்குற போக்சோ சட்டம், 19-வது பிரிவுப்படி தெரிஞ்சவங்க யாரா இருந்தாலும் புகார் கொடுக்கணும், கொடுக்கலன்னா ஆறு மாசம் வரை ஜெயில். 2022 செப்டம்பர்ல சுப்ரீம் கோர்ட் ஒரு வழி விட்டுச்சு, கருக்கலைப்புக்கு வர்ற மைனர் பொண்ணும் கார்டியனும் கேட்டா பேரு அடையாளத்த போலீஸுக்கு டாக்டர் சொல்ல வேண்டியதில்லன்னு. கவனிங்க, தீர்ப்பு பேசுறது டாக்டரப் பத்தி. அந்தப் பொண்ண மொதல்ல தொட்டுப் பாக்குறது, ரகசியத்தக் கேக்குறது நர்ஸ். ஒண்ணு மட்டும் உறுதி, போலீஸ் கடுதாசி வந்தாத்தான் சிகிச்சைன்னு யாரும் நிறுத்தக்கூடாது, போக்சோ விதியே அத சொல்லுது.

கண்ணுக்குக் கீழ கன்னிப்போயி வர்ற பொண்டாட்டிமாரு இன்னொரு வகை. "பாத்ரூம்ல வழுக்கிட்டேன்." பக்கத்துல புருஷன் நகராம நிப்பாரு. "யூரின் டெஸ்ட் எடுக்கணும், நீங்க வெளிய இருங்க சார்"னு சொல்லி அந்தம்மாவ தனியா கூட்டிட்டுப் போயி ரெண்டு கேள்வி கேக்குறது பழைய சிஸ்டர்களோட வித்தை. பொய் சொல்லித்தான் அந்த ரெண்டு நிமிஷம் கிடைக்குது. எனக்கு இதுல தப்பே தெரியல. அதுக்கப்புறம் 181 ஹெல்ப்லைன் நம்பர எழுதிக் கொடுத்தா அவங்க வாங்குவாங்களாங்கிறது வேற விஷயம், பேப்பர வீட்டுல பாத்தா இன்னும் அடி விழும்னு நெறைய பேரு வாங்கிக்கிறதில்ல.

ராத்திரி ஒண்ணு, காலைல ஒண்ணு

இந்தக் கட்டுரைல ரொம்ப சிக்கலான பகுதி இது, தீக்காய வார்டு. பெரிய அளவுல எரிஞ்சவங்ககூட முதல் நாள் தெளிவா பேசுவாங்க, அதனாலதான் உடனே மாஜிஸ்ட்ரேட்டுக்குச் சொல்லி மரண வாக்குமூலம் வாங்குறாங்க. சாகும் நிலைல இருக்கவர் தன் சாவுக்கு என்ன காரணம்னு சொன்னது, அவரு இறந்த பிறகு கோர்ட்ல சாட்சியா நிக்கும். முன்ன எவிடன்ஸ் ஆக்ட் 32, இப்ப பாரதிய சாக்ஷ்ய அதினியம் 26.

பல பேருக்குத் தெரியாதது என்னன்னா, மாஜிஸ்ட்ரேட்கிட்டதான் சொல்லணும்னு இல்ல. யார்கிட்ட சொன்னாலும் செல்லும், ட்ரெஸ்ஸிங் மாத்துற நர்ஸ்கிட்ட சொன்னாலும் செல்லும். டாக்டர் சர்டிபிகேட் இல்லங்கிற ஒரே காரணத்துக்காக வாக்குமூலத்த தள்ளிட முடியாதுன்னு 2002-ல லக்ஷ்மண் வழக்குல அரசியல் சாசன பெஞ்ச் சொல்லிருக்கு.

இப்ப பாருங்க. ராத்திரி மூணு மணி, தண்ணி கேட்ட பொண்ணுக்கு சிஸ்டர் உதட்ட நனைச்சு விடுறாங்க. அது மெதுவா சொல்லுது, "அக்கா, ஸ்டவ் வெடிக்கல. அவரு ஊத்துனாரு. யார்கிட்டயும் சொல்லாதீங்க, என் பிள்ளைங்க அங்கதான இருக்கணும்." காலைல ஒம்பது மணிக்கு மாஜிஸ்ட்ரேட் வர்றாரு. "பால் காய்ச்சும்போது ஸ்டவ் வெடிச்சிருச்சு"ன்னு தெளிவா சொல்லுது, கட்டைவிரல் ரேகை வைக்க விரல் இல்லாம கால் பெருவிரல வைக்கிறாங்க.

சிஸ்டர் என்ன செய்யணும்? நோயாளி சொன்ன ரகசியத்தக் காக்கணும்ங்கிறது தொழில் தர்மம். கொலைய மறைக்கக் கூடாதுங்கிறதும் தர்மம். அந்தப் பொண்ணோட விருப்பம் தெளிவா இருக்கு, அதுக்குக் காரணமும் இருக்கு, பிள்ளைங்க. அந்த விருப்பத்த மதிச்சா அதே பிள்ளைங்க அந்த ஆளுகிட்டயே வளரும். வெளிய சொன்னா கோர்ட்டுக்குப் போகணும், வருஷக்கணக்கா சம்மன் வரும், "காலைல வேற சொல்லிருக்காங்களே, நீங்க கட்டிச் சொல்றீங்க"ன்னு குறுக்கு விசாரணை நடக்கும். ரெண்டு வாக்குமூலம் முரண்பட்டா எத நம்புறதுன்னு கோர்ட்தான் பாக்கும், நர்ஸ் இல்ல.

என் அபிப்பிராயம்: சொன்ன வார்த்தைய சொன்னபடியே, நேரத்தோட, நர்ஸிங் நோட்ஸ்ல எழுதணும், அப்பவே டூட்டி டாக்டர்கிட்ட சொல்லணும். காலைல மாஜிஸ்ட்ரேட் வர்றதுக்கு முன்னாடி செஞ்சா மட்டும்தான் அதுக்கு மதிப்பு, அப்புறம் எழுதுனா ஜோடிச்சதுன்னுதான் சொல்லுவாங்க. "யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்"னு வாக்கு மட்டும் கொடுக்கக் கூடாது. ஆனா ராத்திரி மூணு மணிக்கு அந்தக் கையப் பிடிச்சுக்கிட்டு வாக்கு கொடுக்காம இருக்குறது எவ்வளவு கஷ்டம்னு தெரியாம பேசுறது சுலபம், அதையும் ஒத்துக்கணும்.

டாக்டர் சொன்ன டோஸ் தப்பா இருந்தா

நர்ஸ் மருந்து எழுதக்கூடாது, டாக்டர் சொன்னதக் கொடுக்கணும். இருபது வருஷ சர்வீஸ் இருக்க ஸ்டாஃப் நர்ஸ், எதிர்ல போன வாரம் சேந்த ஹவுஸ் சர்ஜன், அதாவது பயிற்சி டாக்டர். ஊசி போட்டதும் அலர்ஜியாகி மூஞ்சி வீங்கி இழுத்துக்கிட்டு ஒருத்தரு வர்றாரு. அட்ரினலின் கொடுக்கணும், பெரியவங்களுக்கு அரை மில்லி கிராம், தொடை சதைல. பதட்டத்துல பையன் "ஒரு ஆம்பூல் ஐவி கொடுங்க"ங்கிறான், அதாவது ஒரு குப்பி முழுசா நேரா ரத்தக்குழாய்ல. அது இதயம் நின்னவருக்குக் கொடுக்குற முறை, துடிக்கிற இதயத்துக்கு அப்படி ஏத்துனா தாறுமாறா ஓடி நின்னே போகலாம். மறுத்தா கீழ்ப்படியலன்னு பேரு. கொடுத்தா கையில ஊசி வச்சிருந்தது இவங்க.

"டாக்டர், ஐஎம் அரை தான, லோட் பண்ணிட்டேன், கொடுத்துடவா?" இப்படித்தான் கேப்பாங்க, ஐஎம்னா சதைல போடுறது. பையனுக்கும் மானம் போகல, நோயாளிக்கும் சரியான டோஸ். இந்தச் சாமர்த்தியம் இல்லாத இடத்துல "இத நான் கொடுக்க மாட்டேன், நீங்களே கொடுங்க, நோட்ஸ்ல எழுதுறேன்"னு நேரா சொல்றத தவிர வேற வழியில்ல. சொல்லணும்.

எப்ப நிறுத்துறது

எண்பத்தாறு வயசு, உடம்பு பூரா பரவுன கேன்சர், மூச்சு நின்னு வருது. சிபிஆர், அதாவது நெஞ்ச அமுக்கி இதயத்த ஓட வைக்கிறது, பண்ணா விலா எலும்பு ஒடியும், திரும்பி வந்தாலும் சில மணி நேரம். "எதையாவது பண்ணுங்க"ன்னு மகன் கத்துறாரு. இந்தியால இதுக்குன்னு தனிச் சட்டம் இல்ல. உயிர்காக்கும் கருவிய விலக்குறதுக்கு 2018-ல சுப்ரீம் கோர்ட் ஒரு முறை வகுத்து 2023-ல அத லேசாக்குச்சு, ஆனா ரெண்டு மெடிக்கல் போர்டு வேணும், கேஷுவாலிட்டி வேகத்துக்கு ஒத்து வராது. சிபிஆர் வேணாம்னு முன்னாடியே முடிவெடுக்குறதுக்கு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் (ஐசிஎம்ஆர்) 2020-ல வழிகாட்டுதல் கொடுத்துச்சு. முன்னாடியே பேசி வச்ச குடும்பம் கம்மி. அதனால சொந்தக்காரங்க பாக்கட்டும்னு கொஞ்ச நேரம் நெஞ்ச அமுக்கிட்டு நிறுத்துறது நடக்குது. குடும்பத்துக்கு அது ஆறுதல்ங்கிறவங்க இருக்காங்க, செத்த உடம்புல நாடகம்ங்கிறவங்களும் இருக்காங்க. அமுக்குன கை நர்ஸோடது, அந்தக் கைக்குத் தெரியும் இது எதுக்குன்னு.

இந்த விஷயத்துல ஒரு நர்ஸோட பேரு எப்பவும் வரும், அருணா ஷான்பாக். மும்பை கேஇஎம் ஆஸ்பத்திரி நர்ஸ், 1973-ல தாக்கப்பட்டு நினைவிழந்தாங்க, 2015-ல இறக்குற வரைக்கும் அதே ஆஸ்பத்திரி நர்ஸுங்கதான் பாத்துக்கிட்டாங்க. கருணைக்கொலை கேட்டு வெளிய இருந்து மனு போனப்ப, கூடாதுன்னு எதிர்த்ததும் அந்த நர்ஸுங்கதான், 2011-ல கோர்ட்டும் அவங்க பக்கம் நின்னுச்சு. தினமும் குளிப்பாட்டி ஊட்டி விட்டவங்களுக்குத்தான் அந்த விஷயத்துல பேச உரிமைன்னு ஏத்துக்கிட்ட அபூர்வமான இடம் அது. மத்த இடத்துல பெரும்பாலும் நர்ஸ யாரும் கேக்குறதில்ல.

இதோட விளைவு

சரி எதுன்னு தெரிஞ்சும் அதச் செய்ய முடியாம போறப்ப வர்ற உளைச்சலுக்கு ஆண்ட்ரூ ஜேமெட்டன்ங்கிற தத்துவ அறிஞர் 1984-ல ஒரு பேரு வச்சாரு, மாரல் டிஸ்ட்ரெஸ். அவரு இதப் பேசுனதே நர்ஸுகள வச்சுத்தான். இங்க அது எப்படித் தெரியும்னா, நல்லா வேலை தெரிஞ்ச சிஸ்டர் கேஷுவாலிட்டி வேணாம், ஓபிக்கு மாத்தி விடுங்கன்னு எழுதிக் கொடுப்பாங்க, இல்லன்னா வளைகுடாவுக்குப் போயிடுவாங்க, இல்லன்னா எதுக்கும் மூஞ்சிய மாத்தாம நடக்கப் பழகிடுவாங்க. அந்தக் கடைசி ரகத்ததான் வீடியோல பாத்து "கல்நெஞ்சக்காரி"ங்கிறோம்.

உங்க வீட்டு ஆளுக்கு நிஜமாவே அநியாயம் நடந்துச்சுன்னு தோணுனா வீடியோவ விட உதவுற ஒரு காகிதம் இருக்கு. கேஸ் ஷீட் நகல். எழுதிக் கேட்டா 72 மணி நேரத்துல கொடுக்கணும்னு 2002 மெடிக்கல் கவுன்சில் விதி இருக்கு. டாக்டர் நோட்ஸ் ரெண்டு வரி இருக்கும், அத தாண்டி நர்ஸிங் நோட்ஸ் பக்கத்துக்குப் போங்க. 2.10, 2.25, 2.40னு நேரம் போட்டு பிபி, பல்ஸ், கண்மணின்னு எழுதிருக்கும். 2.25-க்கும் 3.30-க்கும் நடுவுல ஒண்ணுமே இல்லன்னா, அந்த நேரத்துல டூட்டில எத்தன நர்ஸ், எத்தன நோயாளின்னு ஆர்டிஐல கேளுங்க, அரசு ஆஸ்பத்திரின்னா பதில் சொல்லியாகணும்.